கட்டியை எடுத்தாயிற்று, பிறகும் ரேடியேஷன் ஏன்? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

கடைக்குட்டி_மோல்மீன்:

எல்லோருக்கும் வணக்கம். அனுபவம் உள்ளவர்கள் தயவு செய்து எழுதுங்கள், வீட்டில் ஒரே குழப்பமாக இருக்கிறது. அம்மாவுக்கு 58 வயது. நாங்கள் பர்மாவில் மோல்மீன்காரர்கள். அம்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி, போன மாதம் யாங்கோனில் (பழைய ரங்கூன்) ஆபரேஷன் ஆனது. மார்பை முழுவதும் எடுக்கவில்லை. கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் எடுத்துவிட்டு, அக்குளிலிருந்து சில நிணநீர்க் கணுக்களையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் கட்டி 1.8 செ.மீ., ஓரங்கள் சுத்தம், கணுக்களில் ஒன்றும் இல்லை, ஈஸ்ட்ரோஜன் பாசிட்டிவ் (அந்த ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்2 என்ற புரதம் நெகட்டிவ் என்று வந்தது. கீமோ தேவையில்லை, ஹார்மோன் மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்னதும் எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம்தான் ரேடியேஷன் 15 நாள் எடுக்க வேண்டும் என்றார்கள். அதிலிருந்து வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. எல்லாம் எடுத்தாயிற்று என்று டாக்டரே சொன்ன பிறகு எதற்காக உடம்பைச் சுட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார் பெரியப்பா. அத்தை, தனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்குக் கரண்ட் (ரேடியேஷனை அப்படித்தான் சொல்கிறார்கள்) வைத்து மார்பெல்லாம் கருகிப்போனது என்று வந்து சொல்லிவிட்டுப் போனார், அன்று இரவு அம்மா சாப்பிடவே இல்லை. இப்போது, "இதற்குப் பதில் மார்பையே எடுத்திருக்கலாம், எனக்கு எதற்கு இனிமேல் அது" என்கிறார். வீட்டில் அக்கா குழந்தைக்கு இரண்டு வயது, அம்மாவை விட்டு இறங்கவே மாட்டான். கரண்ட் வைத்தால் அவனைத் தூக்கக் கூடாதாமே என்றும் ஒரு பயம். போதாததற்குப் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார்.

உண்மையில் இது வேண்டுமா, மாத்திரையே போதாதா? அங்கே என்னதான் செய்வார்கள்? எதையும் மறைக்காமல் சொல்லுங்கள், நான் வாசித்துத்தான் அம்மாவிடம் பேச வேண்டும்.

---

தாம்வே_அக்கா:

தம்பி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். நான் சில வருடங்களுக்கு முன்னால் இதே வைத்தியம் எடுத்தவள், எனக்கும் கட்டி மட்டும்தான் எடுத்தார்கள், எனக்கு வலது பக்கம். இன்றைக்குக் கடை, சமையல், கோயில் என்று எல்லாம் நானேதான் பார்க்கிறேன்.

என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். முதல் நாள் வைத்தியமே கிடையாது, அளவெடுப்பதுதான். சாய்வான பலகை ஒன்றில் மல்லாந்து படுக்கச் சொல்லி, கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு தாங்கியில் வைக்கச் சொல்வார்கள். அப்படியே ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு மார்பின் நடுவிலும் பக்கங்களிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் வைப்பார்கள். எனக்கு ஊசி முனையால் பச்சை குத்தினார்கள், மிளகைவிடச் சின்னது, சில இடங்களில் பேனாவால் போடுகிறார்கள். பேனாவால் போட்டால் முடியும்வரை தேய்க்காமல் காப்பாற்ற வேண்டும். அதற்கப்புறம் சில நாள் கழித்துத்தான் வைத்தியம் ஆரம்பம், இடையில் அவர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள்.

வைத்தியம் நடக்கும்போது வலி துளிகூட இல்லை. எக்ஸ்ரே எடுத்தால் என்ன தெரியுமோ அவ்வளவுதான். பெரிய மிஷின், தலைப் பகுதி நம்மைச் சுற்றி வரும், ஒரு ரீங்காரம் கேட்கும். நம்மை சரியான இடத்தில் படுக்கவைப்பதற்குத்தான் நேரமாகும், கதிர் விழுவது ஓரிரு நிமிடம். அந்த நேரத்தில் அறையில் நாம் மட்டும் இருப்போம், கதவை மூடிவிடுவார்கள், அதுதான் முதல் நாள் எனக்குப் பகீரென்று இருந்தது. வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், கூப்பிட்டால் கேட்கும். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சனி ஞாயிறு கிடையாது. முதல் வாரம் எனக்கு எதுவுமே தெரியவில்லை. போகப் போகத் தோல் சிவந்து அரிப்பு எடுத்தது. மார்பு மடிப்புக்குக் கீழே வியர்வை தங்கும் இடத்தில் லேசாகத் தோல் உரிந்தது. யாங்கோன் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, மார்ச் ஏப்ரலில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது, கரண்ட் கட் ஆனால் கேட்கவே வேண்டாம். ஒன்றை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வைத்தியம் முடிந்த பிறகு ஒரு வாரம், பத்து நாளுக்குத் தோல் இன்னும் மோசமாகும், அதற்குப் பிறகுதான் ஆறும். இது தெரியாவிட்டால் முடிந்த பிறகு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். எனக்கு ஒரு மாதத்தில் ஆறியது. நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது, அதுவும் மெல்ல மங்கியது.

அசதி இருக்கும். உட்கார்ந்தால் எழ மனசு வராத அசதி. ஆனால் படுத்தே கிடந்தால் அது கூடும், சாயங்காலம் கொஞ்சம் நடந்தால் குறையும். தலைமுடி கொட்டாது தம்பி, அது கீமோவில் வருவது. கதிர் அக்குள் வரை போனால் அந்த இடத்து முடி மட்டும் போகும்.

குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். ஒரு தோஷமும் இல்லை. ஆபரேஷன் பக்கத்துக் கையால் பாரம் தூக்கலாமா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது வேறு காரணம்.

---

கதிர்வீச்சுத்தொழில்:

நான் யாங்கோனில் பிறந்து வளர்ந்தவன், இப்போது சிங்கப்பூரில் ரேடியேஷன் பிரிவில் வேலை செய்கிறேன். மிஷினை ஓட்டுவது எங்கள் வேலை, வைத்தியத்தைத் தீர்மானிப்பது டாக்டர். அக்கா சொன்னது அத்தனையும் சரி. "ஏன் வேண்டும்" என்ற கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

"எல்லாம் எடுத்தாயிற்று" என்று சர்ஜன் சொன்னது பொய் இல்லை. கண்ணுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் தெரிந்த அளவு எடுத்தாயிற்று, ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் மீதி மார்பில் எங்காவது ஒன்றிரண்டு செல்கள் தங்கியிருந்தால் அதைக் காட்டும் ஸ்கேன் எதுவும் கிடையாது. கொத்திய களை ஒரு துண்டு வேரை மண்ணில் விட்டுவிட்டால் அடுத்த மழைக்கு எழுந்துவிடும் இல்லையா, அது மாதிரி. அந்தத் தங்கிய செல்களுக்காகத்தான் மீதி மார்பு முழுவதற்கும் கதிர் கொடுக்கிறார்கள். கதிர் செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. நல்ல செல் அடுத்த நாளைக்குள் பெரும்பாலும் சரிபண்ணிக்கொள்ளும், புற்றுச் செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. ஒரே நாளில் மொத்தமும் கொடுக்காமல் பிரித்துக் கொடுப்பது இதற்காகத்தான்.

இது ஊகம் இல்லை. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1976இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். ஒரு பிரிவுக்கு முழு மார்பையும் எடுத்தார்கள், ஒரு பிரிவுக்குக் கட்டியை மட்டும் எடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்குக் கட்டியை எடுத்து ரேடியேஷனும் கொடுத்தார்கள். 20 வருடம் பின்தொடர்ந்து 2002இல் முடிவு வெளியிட்டார்கள். கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. ரேடியேஷனும் எடுத்தவர்களில் 14 பேருக்குத்தான். உயிரோடு இருப்பதில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதாவது முழு மார்பையும் எடுத்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. அம்மா மார்பையே எடுத்திருக்கலாம் என்று வருந்தத் தேவையே இல்லை என்று இதைவைத்துச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று, மார்பைக் காப்பாற்றும் ஆபரேஷனும் ரேடியேஷனும் சேர்ந்துதான் ஒரு வைத்தியம். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டால் அம்மா பாதி வைத்தியத்தோடு நிற்கிறார் என்று அர்த்தம்.

15 நாள் என்றதும் ரொம்ப நாளாகத் தெரியலாம். முன்பெல்லாம் 50 கிரேயை (கிரே என்பது கதிரின் அளவு) 25 தடவையாகப் பிரித்து 5 வாரம் கொடுத்தார்கள். பிரிட்டனில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் 40 கிரேயை 15 தடவையாக, 3 வாரத்தில் முடிக்கும் முறை வந்தது, பலனில் குறைவில்லை, தோலுக்கும் தொல்லை குறைவு. 2020இல் அதே நாட்டில் 4,000 பேருக்கு மேல் சேர்த்துச் செய்த ஆய்வில் 26 கிரேயை 5 நாளில் கொடுத்தும் நோய் திரும்புவது கூடவில்லை என்று வந்தது. மோல்மீனிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். 5 நாள் முறை தங்களிடம் உண்டா, அம்மாவுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். 15தான் என்றால் அதுவும் நல்ல முறைதான், சந்தேகப்பட வேண்டாம்.

---

சிரியம்காரன்:

மன்னிக்கவும், நான் கொஞ்சம் எதிராகப் பேசுகிறேன். மேலே எழுதியவரே உயிரோடு இருப்பதில் வித்தியாசம் இல்லை என்கிறார். அப்புறம் எதற்கு இத்தனை கஷ்டம், ஊரை விட்டு வந்து தங்கி, செலவு பண்ணி? திரும்பி வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாமே. என் பாட்டிக்கு அந்தக் காலத்தில் கரண்ட் வைத்தார்கள், தோல் தோலாக உரிந்து, கை வீங்கிக் கடைசிவரை இறங்கவில்லை. நான் கண்ணால் பார்த்தது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் சித்திக்கு இதே நோய், அங்கே டாக்டர்களே ரேடியேஷன் வேண்டாம், மாத்திரை மட்டும் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பணக்கார நாட்டிலேயே வேண்டாம் என்கிறபோது நாம் ஏன் ஓட வேண்டும்?

---

கதிர்வீச்சுத்தொழில்:

கேட்க வேண்டிய கேள்விகள்தான், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உயிர் விஷயம்: ஒரே ஆய்வை மட்டும் வைத்துப் பார்த்தால் சின்ன வித்தியாசம் தெரியாது. அதனால் 17 ஆய்வுகளில் இருந்த 10,801 பெண்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். அதில் தம்பியின் அம்மாவைப் போலக் கணுக்களில் நோய் இல்லாதவர்களை மட்டும் தனியே எடுத்தால், 10 வருடத்தில் நோய் எங்காவது திரும்பியது ரேடியேஷன் இல்லாதவர்களில் 100க்கு 31 பேருக்கு, எடுத்தவர்களில் 16 பேருக்கும் கொஞ்சம் குறைவு. 15 வருடத்தில் இந்த நோயால் இறந்தவர்கள் 100க்கு 20.5, ரேடியேஷன் எடுத்தவர்களில் 17.2. மொத்தக் கணக்கில் நான்கு பேருக்கு நோய் திரும்புவதைத் தடுத்தால் அதில் ஒரு உயிர் காப்பாற்றப்படுகிறது. "திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பதில் அந்த ஓர் உயிரைப் பணயம் வைக்கிறோம். நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அந்த ஆய்வுகள் பழையவை, இன்றைய மாத்திரைகளாலும் ஸ்கேன்களாலும் இரண்டு பக்கத்து எண்களும் குறைந்துவிட்டன. ஆனால் பாதியாகவோ அதற்கும் கீழோ குறைப்பது என்ற சக்தி அப்படியே இருக்கிறது.

சித்தி விஷயம்: அவருக்கு வயது 65க்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். பிரிட்டனில் செய்த ஆய்வு ஒன்றின் 10 வருட முடிவு 2023இல் வந்தது. வயது 65 அல்லது அதற்கு மேல், கட்டி 3 செ.மீ.க்குள், கணுக்களில் நோய் இல்லை, ஹார்மோன் பாசிட்டிவ், மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறவர்கள், இப்படிப்பட்டவர்களை மட்டும் சேர்த்தார்கள். ரேடியேஷன் இல்லாதவர்களில் 100க்கு 9.5 பேருக்கு அதே மார்பில் திரும்பியது, எடுத்தவர்களில் 1 பேருக்கும் குறைவு. உயிரோடு இருப்பதில் வித்தியாசம் இல்லை. வயதான ஒருவர் இந்த எண்களைப் பார்த்துவிட்டு எனக்கு வேண்டாம் என்று முடிவெடுக்கலாம், டாக்டரும் ஒத்துக்கொள்வார். தம்பியின் அம்மாவுக்கு 58 வயது. அவர் அந்த ஆய்வின் ஆள் இல்லை, இன்னும் 25, 30 வருடம் வாழ வேண்டியவர்.

பாட்டி விஷயம்: அதைப் படிக்கும்போது எனக்கும் மனசு கஷ்டமாக இருந்தது. அந்தக் காலத்தில் கோபால்ட் மிஷின், ஸ்கேன் இல்லாமல் எக்ஸ்ரே படத்தை வைத்துக் குறித்த அளவு. தோலில் டோஸ் கூட விழும், மார்பின் ஒரு பகுதிக்கு அதிகமும் ஒரு பகுதிக்குக் குறைவுமாகப் போகும். அக்குள் கணுக்களை மொத்தமாக அறுத்தெடுத்துவிட்டு அதே இடத்தில் கதிரும் கொடுத்தால் கை வீக்கம் வருவதற்கு வாய்ப்பு அதிகம். இப்போது லீனியர் ஆக்சிலரேட்டர், நாங்கள் லினாக் என்போம், மின்சாரத்தால் எக்ஸ்ரே உண்டாக்குகிறது. நிறுத்தினால் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது, பேரனைத் தூக்கலாம் என்று அக்கா சொன்னது இதனால்தான். டோஸைச் சிடி ஸ்கேன் பார்த்து மார்பு முழுவதும் ஒரே சீராகப் பரப்புகிறார்கள்.

---

வியாசர்பாடி_பர்மா:

நாங்கள் 60களில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். இங்கே சென்னைக்கு பர்மாவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு என்னால் முடிந்த உதவி செய்கிறேன். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் தொடங்கியது, இன்னும் நல்ல பெயரோடு இருக்கிறது. தனியாரும் நிறைய. ஆனால் தம்பி, விசா, டிக்கெட், தங்குவது எல்லாம் பார்த்தால் வைத்தியத்தைவிட அதற்குத்தான் பணம் கரையும். இந்த வைத்தியத்துக்காக மட்டும் கடல் தாண்ட வேண்டுமா என்று யோசியுங்கள். யாங்கோன் பொது மருத்துவமனையிலும் மாண்டலே பொது மருத்துவமனையிலும் ரேடியேஷன் பிரிவு உண்டு, தனியாரிலும் விசாரியுங்கள். எங்கே சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அங்கே ஆரம்பிப்பதுதான் புத்தி. கீமோ இல்லாதவர்கள் ஆபரேஷனிலிருந்து 8 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது என்று இங்கே டாக்டர்கள் சொல்கிறார்கள், அலைந்துகொண்டே நாளைக் கடத்திவிடாதீர்கள்.

---

கடைக்குட்டி_மோல்மீன்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் எழுதியதை நேற்று இரவு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். அந்த 39, 14 என்ற எண்களை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பெரியப்பாவும் வந்து கேட்டார், ஒன்றும் பேசவில்லை, பிறகு யாங்கோனில் தங்குவதற்கு இடம் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். ஆக, போவது என்று முடிவாகிவிட்டது.

இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன. அம்மாவால் இடது கையை முழுவதும் தூக்க முடியவில்லை, தலை சீவவே அக்காதான் உதவுகிறார். தனக்கா (மரப்பட்டையை அரைத்துப் பூசும் பூச்சு) பூசாமல் அம்மா இருக்க மாட்டார், முகத்தில் மட்டும் இல்லை, வெயில் காலத்தில் கழுத்து, மார்பு என்று குளிர்ச்சிக்காக அரைத்துப் பூசிக்கொள்வார். சிவந்தால் இதையே பூசலாமா? தாலியைக் கழற்ற வேண்டுமா? இடது பக்கம் என்பதால் இதயத்துக்கு ஏதாவது ஆகுமா என்று அப்பா கேட்கச் சொன்னார். அப்புறம் பால்குடம்.

---

கதிர்வீச்சுத்தொழில்:

கையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் தம்பி. கை தலைக்கு மேலே போய் அசையாமல் நின்றால்தான் ஸ்கேனே எடுக்க முடியும். கை வராததால் தேதி தள்ளிப்போனவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். சர்ஜனிடம் கேட்டுவிட்டு இன்றைக்கே தொடங்குங்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும், எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, மறுநாள் அதற்குக் கொஞ்சம் மேலே. படுத்துக்கொண்டு இரண்டு கையையும் கோர்த்து நல்ல கை இழுக்க மற்ற கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகலாம். இழுப்பு தெரியலாம், சுள்ளென்று வலிக்கக் கூடாது. வைத்தியம் முடிந்தும் பல மாதம் இதை விடாமல் செய்ய வேண்டும், கதிர் பட்ட சதை இறுகும் தன்மை உள்ளது.

இதயம்: அப்பா கேட்டது நல்ல கேள்வி. டென்மார்க், ஸ்வீடன் பெண்களை வைத்து 2013இல் வந்த ஆய்வில், இதயத்துக்குச் சராசரியாகப் போகும் ஒவ்வொரு கிரேக்கும் மாரடைப்பு போன்ற பெரிய இதயக் கோளாறின் ஆபத்து 7.4 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். பழைய முறைகளில் இது பல கிரே போயிருக்கிறது. இப்போது இடது பக்கத்துக்கு, மூச்சை நன்றாக இழுத்து அடக்கிக்கொண்டு இருக்கும்போது மட்டும் கதிர் கொடுக்கும் முறை இருக்கிறது. நுரையீரல் விரிந்ததும் இதயம் கீழேயும் பின்னாலும் நகர்ந்துவிடும், டோஸ் ஒன்று இரண்டு கிரே அளவுக்கு இறங்கிவிடும். 20 நொடி அடக்க முடிந்தால் போதும், வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். நீங்கள் போகும் இடத்தில் இது உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றாலும் ஸ்கேன் பார்த்துக் கதிரின் கோணத்தை மாற்றியும் தடுப்பு வைத்தும் இதயத்தை ஒதுக்குவார்கள், இதற்காக வைத்தியத்தை விட வேண்டாம். அம்மாவுக்கு ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் இதயத்துக்குச் செய்யும் பெரிய உதவி. சுருட்டுப் பழக்கம் இருந்தால் மொத்தமாக நிறுத்த வேண்டும், கதிரும் புகையும் சேர்ந்தால் பிற்காலத்தில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது. அப்பா பிடிப்பவர் என்றால் அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தனக்கா: முகத்தில் பூசட்டும், தடையில்லை. கதிர் படும் மார்பு, அக்குள், கழுத்தோரத்தில் வேண்டாம். பட்டையாக எதைப் பூசினாலும் தோலில் விழும் டோஸ் கூடிவிடும், காய்ந்த பிறகு அதைத் தேய்த்துக் கழுவ வேண்டியும் வரும். மஞ்சள், சந்தனம், பவுடர், மூலிகை எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதேதான். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பூத்துண்டால் ஒற்றி எடுப்பது, டாக்டர் எழுதிக்கொடுக்கும் க்ரீம், இவ்வளவு போதும். தோல் ஈரமாக உரிந்து நீர் கசிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் நர்ஸிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று, திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா வருகிறது. ஆஸ்பத்திரி விடுமுறை நாட்களில் மிஷின் ஓடுமா என்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஒரு நாள் இரண்டு நாள் விட்டுப்போனால் கடைசியில் சேர்த்துக் கொடுப்பார்கள், ஆனால் நடுவில் பெரிய இடைவெளி விழாமல் ஒன்று திருவிழாவுக்கு முன்னாலேயே முடிகிற மாதிரியோ அல்லது முடிந்ததும் ஆரம்பிக்கிற மாதிரியோ கேட்டால் செய்து தருவார்கள். 8 வாரக் கணக்கை மட்டும் மனசில் வையுங்கள். பேனாக் கோடு போட்டிருந்தால் திஞ்ஞான் தண்ணீர் பக்கமே அம்மாவை விடாதீர்கள்.

---

தாம்வே_அக்கா:

தாலிக்கு நான் சொல்கிறேன், ஆம்பிளைகளுக்கு இது தெரியாது. சங்கிலி கதிர் படும் இடத்தில் கிடக்கக் கூடாது. நான் சங்கிலியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு அந்த நாட்களுக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன், படுக்கும்போது அதையும் தோளுக்குப் பின்னால் தள்ளிவிடச் சொன்னார்கள், அவ்வளவுதான். கழுத்தில் ஒன்றும் இல்லாமல் போகிறோமே என்று அம்மா கலங்க வேண்டாம். மஞ்சள் கயிற்றின் சாயம் தோலில் ஒட்டாமல் பழைய கயிறாகப் பார்த்துக் கட்டுங்கள்.

பிராவுக்குப் பதிலாகத் தளர்ந்த பருத்தி பனியன் போடட்டும். ஜாக்கெட் இறுக்கமாக இருந்தால் மடிப்பில் புண்ணாகிவிடும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையும் தமெய்னும் (பர்மாப் பெண்கள் கட்டும் லுங்கி) போதும், கழற்றி மாட்டச் சுலபம், பெண் டெக்னீஷியன் வேண்டும் என்றால் முதல் நாளே கேட்கலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பால்குடத்தை அடுத்த வருடம் எடுக்கட்டும் தம்பி. வெயிலில் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடப்பது, கூட்டத்தில் இடிபடுவது, இப்போது முடியாது. நான் எங்கள் கோயில் குருக்களிடம் கேட்டபோது, வேண்டுதலை ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு உடம்பு தேறியதும் செலுத்தலாம் என்றார். பீலிக்கான் கோயிலுக்கு வேண்டிக்கொண்டவர்களும் அப்படிச் செய்வதுண்டு. அம்மாவே குருக்களிடம் நேராகக் கேட்டுவிட்டால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும், நாம் சொல்வது வேறு அவர் சொல்வது வேறு.

மாத்திரையை மட்டும் ரேடியேஷன் முடிந்ததும் விட்டுவிடக் கூடாது. குறைந்தது 5 வருடம். மூட்டு வலிக்கிறது என்று பாதியில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும், வலித்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

எங்கே தங்குவது என்று கவலைப்படாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது, மாடி ஏற வேண்டாம். ஸ்கேனுக்குத் தேதி கிடைத்ததும் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். வரும்போது ஆபரேஷன் ரிப்போர்ட், திசுப் பரிசோதனை ரிப்போர்ட், பழைய மேமோகிராம் படங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள், ஒரு தாள் குறைந்தாலும் மறுபடியும் மோல்மீனுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். பட்டன் சட்டை புதிதாகத் தைக்க வேண்டாம், என்னுடையது நான்கு இருக்கிறது, அம்மாவுக்குச் சரியாக இருக்கும்.